இருபதுக்கு அப்புறம்

நீச்சல் கண்ணாடிக்குள் எச்சில் துப்பி, கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தேய்த்து, தண்ணீரில் அலசி மாட்டிக்கொள்வார் தவளை டீச்சர். கரையில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் ஆறு குழந்தைகளும் ஒரே குரலில் “ச்சீ!” என்பார்கள்.

“என்ன ச்சீ? கண்ணாடி மங்காம இருக்க இதைவிட ஒசத்தியான மருந்து எந்தக் கடையிலயும் கிடையாது. ம், எல்லாரும் துப்புங்க!”

அவ்வளவுதான். தண்ணீரைப் பார்த்து மிரண்ட முகங்களெல்லாம் மாறி, யார் அதிகம் துப்புவது என்று போட்டி தொடங்கிவிடும்.

தவளை டீச்சர் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். ஐம்பதைத் தாண்டியவர். குட்டையான உருவம், அகன்ற பாதங்கள், கண்களைச் சுற்றி நீச்சல் கண்ணாடி அழுத்திப் பதிந்த இரண்டு வளையங்கள். விரல் நுனிகள் எப்போதும் ஊறிச் சுருங்கியே இருக்கும். பதிலுக்கு அவரும் ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார். சுவரைப் பிடித்தபடி பக்கவாட்டிலேயே நகரும் என் ஐந்து வயது மகள், நண்டு. தண்ணீருக்குள் வாயை மூடத் தெரியாத பையன், பம்ப்செட். “டேய் பம்ப்செட், கொஞ்சம் மிச்சம் வைடா. அடுத்த கிளாஸுக்கும் தண்ணி வேணும்!”

கண்டிப்பெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எங்களிடம்தான். ஒருமுறை மகள் அலறியபோது நான் எழுந்து ஓடினேன். “உக்காருங்கம்மா. நீங்க எந்திரிச்சா ஏதோ ஆபத்துன்னு புள்ள நினைச்சுக்கும்,” என்று விரட்டினார். பிறகு கரையோரம் வந்து குரலைத் தணித்துக்கொண்டார். “எனக்கு நீச்சல் வந்ததே முப்பத்திரண்டு வயசுல. பயம் எங்கிருந்து வரும்னு எனக்குத் தெரியும். இங்கிருந்து,” என்று தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். அன்றிலிருந்து நான் எழுந்ததில்லை.

அவரிடம் ‘இலை’ என்று ஒரு விளையாட்டு உண்டு. கைகால்களை விரித்து, முகத்தை நீருக்குள் வைத்து, அசையாமல் கிடப்பார். பிள்ளைகள் பத்து வரை எண்ண வேண்டும். பத்தாவதில் “பே!” என்று எழுந்து எல்லோர் மேலும் தண்ணீரை வாரி இறைப்பார். அந்தக் கூச்சலில் பெரிய குளத்தில் நீந்துகிறவர்கள்கூட நின்று திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலை, வகுப்புத் தொடங்கிக் கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. பிள்ளைகள் சிறிய குளத்துக்குள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் நெற்றியைத் துடைத்தார். “ஒரு நிமிஷம், கண்ணுங்களா,” என்றார். பிறகு முகம் கவிழத் தண்ணீரில் சாய்ந்தார்.

“இலை! இலை!” பிள்ளைகள் எண்ணத் தொடங்கினார்கள்.

பத்து வந்தது. அவர் எழவில்லை. “டீச்சர் ஏமாத்துறாங்க!” என்று பம்ப்செட் கத்தினான். பெஞ்சில் இருந்த நாங்கள் மூன்று தாய்மாரும் சிரித்தோம். நான் போனை எடுத்து வீடியோ எடுக்கத் தொடங்கினேன். பதின்மூன்று, பதினான்கு. என் பக்கத்தில் இருந்தவர் தாளத்துக்குக் கைகூடத் தட்டினார்.

இருபதில் எண்ணிக்கை நின்றது. பள்ளியில் அதுவரைதான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அம்மா, இருபதுக்கு அப்புறம் என்ன?”

“இருபத்தொண்ணு,” என்றேன்.

சிரித்துக்கொண்டே சொன்னேன். சொன்ன சொல் என் காதிலேயே விழுந்த பிறகுதான் திரையில் அவருடைய கையைக் கவனித்தேன். பிள்ளைகளின் கால்கள் கிளப்பிய அலை தள்ளிய பக்கமெல்லாம் அது போய்க்கொண்டிருந்தது.

செருப்போடு குதித்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. அங்கே இடுப்பளவு தண்ணீர்தான் என்பது கால் தரையில் பட்ட பிறகே உறைத்தது. அவரைப் புரட்டினேன். உதடுகள் நீலமாக இருந்தன. கண்ணாடிக்குள் கண்கள் திறந்திருந்தன. என்னால் அவரைத் தூக்க முடியவில்லை. முகத்தை மட்டும் நீருக்கு மேலே பிடித்துக்கொண்டு கத்தினேன். மற்ற இருவரும் பிள்ளைகளை ஒவ்வொருவராக மேலே இழுத்துப் போட்டார்கள். பெரிய குளத்து லைஃப்கார்டு ஓடிவந்து, அவரைக் கரையில் கிடத்தி, மார்பை அழுத்தினார், வாயோடு வாய் வைத்து ஊதினார், மறுபடி அழுத்தினார். பிள்ளைகள் நீர் சொட்டச் சொட்டச் சுவரோரம் நின்றார்கள். யாரும் அழவில்லை. “டீச்சர் இன்னும் ‘பே’ சொல்லல,” என்று பம்ப்செட் மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

பிறகு ஓர் இருமல். வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது.

அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது எங்களில் யாருக்கும் தெரியாது. காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, சாப்பிட நேரமில்லாமல் தண்ணீரில் இறங்கியிருக்கிறார்; சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இதைக் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது இரக்கமில்லை. கோபம்.

மூன்றாம் நாள் மகளுடன் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணைச் சுற்றிய வளையங்கள் வெளிறிப் போயிருந்தன.

“ஏன் டீச்சர் ஒரு வார்த்தை சொல்லல?”

“சொன்னா தண்ணிக்குள்ள விட மாட்டாங்களோன்னு பயம்மா.”

“உள்ள ஆறு புள்ளைங்க இருந்துச்சு.”

“இருந்துச்சு,” என்றார். போர்வையின் ஓரத்தை நீவினார். “படுத்தது ஞாபகம் இருக்கு. அப்புறம் எதுவும் இல்ல. கண்ணு முழிச்சதும், புள்ளைங்க வெளிய வந்துட்டாங்களான்னுதான் கேட்டேனாம். ஆபீஸ்ல நானே எல்லாத்தையும் சொல்லிட்டேன். கூட ஒரு ஆள் இல்லாம இனிமே இறங்க மாட்டேன். அவங்க என்னையே வேண்டாம்னாலும் சரிதான்.”

‘இருபத்தொண்ணு’ என்று சொன்னவள் நான்.

மகள் அதுவரை என் முதுகுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை. இப்போது மெல்ல நடந்து கட்டிலருகே போனாள். உள்ளங்கையை டீச்சரின் மூக்குக்குக் கீழே நீட்டி, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

டீச்சர் சிரிக்கவில்லை. அந்தச் சின்னக் கை தானாக இறங்கும்வரை, தலையை அசைக்காமல், அதன் மேல் நீள நீளமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.