ஆடிக் கிருத்திகையன்று ஆல்ப்ஸ் மலையில்

முருகனடியார்கள் எல்லோருக்கும் வணக்கம். போன ஆடிக் கிருத்திகையன்று, சுவிட்சர்லாந்தில் ஒரு மலைப் பள்ளத்தாக்கில், மூடுபனிக்குள் என் கணவரைத் தொலைத்துவிட்டு நின்றேன். கையை நீட்டினால் கை தெரியவில்லை. கீழே எங்கேயோ ஓடை இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் லேசில் அழுகிறவள் இல்லை. இந்தப் பஜனைக்கு வருகிற உங்களுக்கே அது தெரியும். அன்று அழுதேன்.

எங்கள் மகளுக்கு அங்கே வேலை. எங்களை வந்து கொஞ்ச நாள் இருக்கச் சொன்னாள். இவர் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சும்மா உட்காரத் தெரியாத மனுஷன். மலை என்று கேட்டதிலிருந்து பொங்கோலில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடி புளோக்கில் லிஃப்டைத் தொடவில்லை, படியிலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். மகள் பார்த்துச் சொன்னது சுலபமான பாதைதான். காலையில் பள்ளத்தாக்கில் நடக்க ஆரம்பித்தால் மதியம் மேலே ஒரு மலைக்குடிலுக்குப் போய்ச் சேரலாம். அங்கே சாப்பாடு கிடைக்கும். சாப்பிட்டுவிட்டு இறங்கிவிடலாம். அவளுக்கு அன்று ஆபீஸ். எங்களைப் பஸ் ஏற்றிவிட மட்டும் வந்தாள்.

"அப்பா, மெதுவா போங்க. ரேஸ் ஒண்ணும் இல்ல."

"தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் காவடி தூக்குறவன் லா நான். இதெல்லாம் ஒரு மலையா?"

அழகான இடம், பொய் சொல்லக்கூடாது. இரண்டு பக்கமும் பச்சைச் சரிவு, மேயும் மாடுகளின் கழுத்து மணி, உச்சியில் உருகாத பனி. வழி தெரிவதற்காகப் பாறைகளில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டிருந்தார்கள். முதலில் பாடிக்கொண்டே வந்தவர், ஏற்றம் கூடக் கூடப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அந்தக் குளிரிலும் நெற்றி வேர்த்தது.

"என்னங்க, இப்படி வேர்க்குது?"

"ஜாக்கெட் சூடு. சும்மா தொணதொணக்காத."

ரொட்டியை எடுத்து நீட்டினேன். குடிலுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்றார். இவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. காலையில் மாத்திரை போட்டதைப் பார்த்தேன். தட்டில் ரொட்டி எடுத்து வைத்ததையும் பார்த்தேன். சாப்பிட்டதை மட்டும் பார்க்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். "நீ போய் அந்த வளைவுக்கு அப்பால குடில் தெரியுதான்னு பாத்துட்டு வா. நான் இங்கயே இருக்கேன்" என்றார். போனேன். வளைவைத் தாண்டுவதற்குள் மேலிருந்து மூடுபனி மளமளவென்று இறங்கியது. பதறித் திரும்பி ஓடி வந்தேன். பாறை இருந்தது, அதில் சாய்த்து வைத்த கைத்தடியும் இருந்தது, ஆள் இல்லை.

அவருடைய போன் என் பையில். என் போனில் சிக்னல் இல்லை. "என்னங்க! என்னங்க!" என்று கத்தினேன். பதில் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் பேரை நான் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. அன்று சொல்லிக் கூப்பிட்டேன், தொண்டை கிழியக் கூப்பிட்டேன். அதற்கும் பதில் இல்லை. பாதைக்குக் கீழே செங்குத்துச் சரிவு, அதற்கும் கீழே ஓடை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். மகளிடம் போய் என்ன சொல்வேன்? அந்தப் பாறையிலேயே மண்டியிட்டேன்.

எனக்கு அப்போது மந்திரமோ கவசமோ எதுவும் வாயில் வரவில்லை. "முருகா, இது உன் மலை. அவர் உன் ஆளு. எனக்குத் திருப்பிக் குடுத்துடு." இவ்வளவுதான் என் வேண்டுதல். இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அப்போதுதான் அது என் வாயில் வந்தது. நான் யோசித்து வந்ததல்ல. தைப்பூசத்தில் இவர் காவடியோடு சிராங்கூன் சாலைக் கோயிலிலிருந்து நடக்கும்போது நான் பக்கத்திலேயே போவேன். பாதி வழியில் இவர் கால் தளரும், தோள் சரியும். அப்போது நான் குரல் கொடுப்பேன். நாக்கு வறண்டு கிடந்தாலும் இவர் பதில் சொல்லிவிடுவார், காலும் நகர்ந்துவிடும். வருஷக்கணக்காக எங்களுக்குள் இதுதான் பழக்கம்.

எழுந்து நின்று கத்தினேன். "வெற்றிவேல் முருகனுக்கு!"

ஓடைச் சத்தம்தான் கேட்டது. இன்னொரு தரம் கத்தினேன், பிறகும் கத்தினேன். கீழேயிருந்து, இடது பக்கமாக, ஈனக்குரலில் வந்தது:

"அரோகரா..."

அடியார்களே, அது எதிரொலி இல்லை. எதிரொலியாக இருந்தால் நான் சொன்னதே அல்லவா திரும்பி வந்திருக்கும்? வந்தது அதற்குரிய பதில். பேர் சொல்லிக் கூப்பிட்டும் எழாத குரலை முருகன் தன் பேரைக் கொண்டு எழுப்பித் தந்தான். நான் கூப்பிட, அவர் பதில் சொல்ல, அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து சரிவில் இறங்கினேன். ஓடைக்குச் சற்று மேலே ஒரு பாறையில் முதுகைச் சாய்த்துக் கிடந்தார். உடம்பெல்லாம் வேர்த்துச் சில்லிட்டிருந்தது. என்னைப் பார்த்து, "கோயில் வந்துடுச்சா?" என்று கேட்டார்.

சர்க்கரை இறங்கி, அந்த மயக்கத்தில் காவடியோடு நடப்பதாக நினைத்துச் சரிவில் இறங்கியிருக்கிறார் என்று அந்தக் கேள்வியிலேயே தெரிந்தது. ஊரிலிருந்து கிளம்புமுன் கோயிலில் கொடுத்த பஞ்சாமிர்தம் சின்ன டப்பாவில் என் பையில் இருந்தது. வீட்டில் விட்டால் எறும்பு மொய்க்குமே என்று தூக்கிவந்தது. திறந்து வாயருகே கொண்டுபோனேன். இந்த மனுஷன் வாயை இறுக மூடிக்கொண்டார்!

"கிருத்திகை... விரதம்... சாயங்காலம்தான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோயில் காலண்டர் பொங்கோல் வீட்டுச் சமையலறையில் தொங்குகிறது. அன்று ஆடிக் கிருத்திகை என்பதே எனக்கு நினைவில்லை. இவருக்கு இருந்திருக்கிறது. சொன்னால் நான் திட்டுவேன் என்று சொல்லாமல், மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு மலை ஏறியிருக்கிறார்.

"இது சாப்பாடு இல்லீங்க. பிரசாதம். முருகன் குடுக்குறத வேணாம்னு சொல்வீங்களா?"

குழந்தை மாதிரி வாயைத் திறந்தார். விரலால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினேன். மெல்ல மெல்லக் கண்ணில் தெளிவு வந்தது. "ஏன்டி அழுற?" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும்.

மேலே யாரோ விசில் ஊதினார்கள். குடிலை நடத்துகிற அம்மா என் சத்தம் கேட்டுக் கயிறோடு இறங்கி வந்திருந்தார். இரண்டு பேருமாக இவரைப் பாதைக்கு ஏற்றினோம். பனி விலகியதும் பார்த்தால், குடில் அந்த வளைவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. சூடான சூப் கொடுத்துவிட்டு, "யாரைக் கூப்பிட்டீர்கள்?" என்று அந்த அம்மா ஆங்கிலத்தில் கேட்டார். "எங்கள் சாமியை" என்றேன். "கேட்டுவிட்டார்" என்று சொல்லி இவர் தோளில் கம்பளியைப் போர்த்தினார்.

ஊர் திரும்பியதும் டாக்டர் இவரை நன்றாகப் பிடித்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நினைவே தப்பியிருக்கும் என்றார். இப்போது கிருத்திகைக்கு இவர் வெறும் வயிற்றோடு இருப்பதில்லை. டாக்டர் சொன்ன சாப்பாட்டை முருகனுக்குப் படைத்து, பிரசாதமாகச் சாப்பிடுகிறார். உங்களிலும் சர்க்கரையை வைத்துக்கொண்டு வீட்டுக்குத் தெரியாமல் விரதம் இருப்பவர்கள் இருப்பீர்கள். வேண்டாம், கையெடுத்துக் கும்பிடுகிறேன். நம் பட்டினிக்காக முருகன் அன்று வரவில்லை. கூப்பிட்டேன், வந்தான். உங்களுக்கும் வழி தெரியாமல் போகிற நாள் வந்தால், பெரிய வேண்டுதலைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். வாயில் வருகிறதைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

இவர் அதோ பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். வெட்கம். இருக்கட்டும். இப்போது நான் ஒருமுறை கூப்பிடப் போகிறேன். நீங்கள் எல்லோரும் ஒரு நொடி பொறுங்கள். முதலில் அந்தக் குரலை நான் கேட்டுக்கொள்கிறேன்.

வெற்றிவேல் முருகனுக்கு!