‘உது’வைப் படம் பிடித்த கதை

படப்பிடிப்புத் தொழிலில் ஒரு விதி உண்டு: கமராவைக் கண்டால் மாப்பிள்ளைக்கு விறைப்பு வரும், வயது போனவர்களுக்கு இலக்கணம் வரும். யாரையாவது ‘இயல்பாக இருங்கோ’ என்று கெஞ்சிப் படமெடுத்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

அருகிவரும் பேச்சுவழக்கைப் பற்றி ஒரு கண்காட்சி. முதியவர்கள் ‘இது’, ‘உது’, ‘அது’ என்று சொல்லும்போதே மூன்று படங்கள் எடுத்துத் தர வேண்டும். என் பக்கத்தில் இருப்பது இது; தூரத்தில் இருப்பது அது; கேட்கிற உங்கள் பக்கத்தில் இருப்பது உது. தொலைக்காட்சித் தமிழில் காணாமல் போவது இந்த நடுவிலான்தான். மற்ற இரண்டும் ஒரே காலையில் முடிந்துவிட்டன. உது இல்லையென்றால் கண்காட்சியும் இல்லை என்று அதை நடத்துபவர்கள் சொல்லிவிட்டார்கள்.

புத்தூரில்

தோட்டக்காரர் கந்தையா ஐயா படம் என்றதும் உள்ளே போய், வெள்ளைச் சட்டையும் திருநீறுமாக வந்து கதிரையில் விறைத்து உட்கார்ந்தார். எங்கள் ஊரில் வயது போனவரைத் தனியே இருத்திப் படமெடுத்தால் அது மரண அறிவித்தலுக்குத்தான். மெல்ல என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

“தம்பி, உண்மையைச் சொல்லும். டொக்டர் என்ரை மகனிட்டை என்ன சொன்னவர்?”

உடுப்பிட்டியில்

ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர். வாசலில் கதைத்தபோது ‘உந்தச் செருப்பை உங்கை கழட்டும்’ என்று உகரமாகப் பொழிந்தார். கமராவை எடுத்தேன். தொண்டையைச் செருமி, “அன்பார்ந்த மாணவச் செல்வங்களே!” என்று தொடங்கினார். எவ்வளவு மன்றாடியும் இறங்கி வரவில்லை. தோற்றுப்போய் நான் கமராவைப் பைக்குள் வைத்துப் பூட்டிய பிறகு சொன்னார்:

“தம்பி, உதெல்லாம் படத்திலை சொல்லுற சொல்லே?”

மயிலிட்டியில்

சவரிமுத்து ஐயா கடற்றொழிலாளி. நான் போன நேரம் பரிஸ் நகரில் இருக்கும் ஏழு வயதுப் பேத்தி கைபேசியில் முகம் காட்டினாள். நல்ல சந்தர்ப்பம், ‘உது’ என்று ஏதாவது கேளுங்கோ என்றேன். அவர் போனைப் பொத்திக்கொண்டார்.

“வேண்டாம் தம்பி. எங்கடை கதை அவளுக்கு விளங்காது. அவளோடை ரீவீக்காரர் மாதிரித்தான் கதைக்கிறனான். விளங்காமல் போனை வைச்சிட்டாளெண்டால்? கிழமைக்கு ஒருக்காத்தான் எடுக்கிறவள்.”

அதற்கு மேல் வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவருக்கே ஆசை வந்துவிட்டது போலும். பயந்து பயந்து திரையைத் தொட்டு, “பிள்ளை, உன்ரை கையிலை உது என்ன?” என்றார்.

அவள் தன் கையைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தாள். ஐயாவின் முகம் கறுத்துவிட்டது. எனக்கு என்னை நானே உதைக்க வேண்டும் போலிருந்தது. அவளோ கழுத்தை எட்டி நீட்டி, என்னை நோக்கி விரலை நீட்டினாள்.

“உது கிடக்கட்டும் அப்பப்பா, உங்களுக்குப் பின்னாலை நிக்கிற உவர் ஆர்?”

முதியவர் படம் கேட்டவர்களின் கண்காட்சியில், நடுவில் இப்போது தொங்குவது, கைபேசித் திரையில் ‘உவர்’ என்று கேட்கும், முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சின்ன வாய்தான்.