சக்கரம் வைத்த வீடு

மலேசியாவில் பாலிங் என்ற ஊரில் வீட்டுப் பிளான் வரைந்து, மஜ்லிஸில், அதாவது உள்ளாட்சி மன்றத்தில், அனுமதி வாங்கிக் கொடுப்பது என் தொழில். இப்போது ஓய்வு. இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சேகர் மேல் எனக்குப் பொறாமை. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சம் சுலபம்.

சேகர் வெல்டிங் பட்டறைக்காரன். டிரெய்லர் மேல் குட்டி வீடு கட்ட ஆரம்பித்தான். கண்ணாடிக் கதவு, பலகைச் சுவர், ஏணியில் ஏறிப் படுக்க ஒரு பரண். பேஸ்புக்கில் போட்டால் லைக் குவியும். என் பிளானுக்கு யார் லைக் போடுவார்கள்?

எஸ்டேட் வீட்டைக் காலி செய்யச் சொன்னதும், அங்கே வேலை பார்த்த சரசு அக்கா முதலில் என்னிடம்தான் வந்தார். அவருக்கென்று இருந்தது ஒரு துண்டு டுரியான் பழத் தோட்டம்.

"விவசாய நிலம்க்கா. மொத திட்ட அனுமதி, அப்புறம் பில்டிங் பிளான். மாசக்கணக்கா ஆகும்" என்றேன்.

சேகர் ஒரே பேச்சில் முடித்துவிட்டான். "சக்கரம் இருக்குலக்கா, அது வண்டிலா. வண்டிக்கு எதுக்கு பிளான்?"

அக்கா அவனிடம் போய்விட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

வீடு வந்து இறங்கியது. அக்கா வாசலில் வாழை கட்டி, தோரணம் போட்டு, பால் காய்ச்சினார். தாம்பாளத்தில் வேட்டி வைத்துச் சேகருக்கு மரியாதை செய்தார். அத்தனையையும் அவன் பேஸ்புக்கில் போட்டான். கொஞ்ச நாளில் மஜ்லிஸ் நோட்டீஸ் ஒட்டியது. அனுமதி இல்லாத கட்டடம், இடிக்க வேண்டும்.

"இதுவும் போச்சுன்னா நான் எங்க போவேன் தங்கச்சி?" என்று அக்கா என் முன்னால் உட்கார்ந்து அழுதார்.

மஜ்லிஸ் கவுண்டரில் சேகரின் வண்டிக் கதையை நானும் சொல்லிப் பார்த்தேன். மலாய் அதிகாரி போனில் அந்தப் பால் காய்ச்சும் படத்தைக் காட்டினார்.

"என் பக்கத்து வீட்டுத் தமிழரும் புது வீட்டுக்கு இப்படித்தான் செய்தார், மேடம். கார் வாங்கினால் நீங்கள் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம்தானே வைப்பீர்கள்?" என்று மலாயில் கேட்டார்.

சேகர் மாட்டிக்கொண்டானே என்று உள்ளுக்குள் ஒரு குஷி. அக்கா முகம் ஞாபகம் வந்ததும் அது அடங்கிவிட்டது.

அனுமதி வேண்டுமென்றால் சக்கரத்தைக் கழற்றி, வீட்டைக் கான்கிரீட் காலில் நிறுத்த வேண்டும். படுக்கும் அறைக்கு இரண்டரை மீட்டர் உயரம் வேண்டும். பரணில் தவழத்தான் முடியும், அங்கே சாமான் வைக்கலாம், ஆள் படுக்கக் கூடாது. கழிவுத் தொட்டியும் வேண்டும். எல்லாவற்றுக்கும் பிளான் வரைந்து நான்தான் அலைந்தேன். கூரையைத் தூக்கிக் கொடுத்தது சேகர். முணுமுணுக்கவில்லை, கூலியும் வாங்கவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. திட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று.

அனுமதி கிடைத்தது. அக்கா மறுபடியும் பால் காய்ச்சினார். எனக்கு ஒரு டம்ளர் பால். தாம்பாளம் மறுபடியும் சேகருக்கு.

"வீடு கட்டுன கை, தங்கச்சி, வெறுங்கையா அனுப்பக் கூடாதுலா" என்றார்.

கழற்றிய சக்கரம் ஒன்றை வாசலில் போட்டு, அதற்குள் பூச்செடி வைத்திருக்கிறார். வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் அந்தச் சக்கரத்தின் பக்கத்தில் நின்றுதான் படம் எடுக்கிறார்கள். ஊரில் அதற்குப் பெயர் சேகர் வீடு.

ஒரு வீடு இடிபடாமல் நிற்பதை யாரும் படம் எடுக்க மாட்டார்கள், பிள்ளைகளே. அதுதான் நம் வேலை. கைதட்டல் வேண்டுமென்றால் வெல்டிங் கற்றுக்கொள்ளுங்கள்.