அண்ணனின் அளவு

தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட துணிக்கடை ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிப் போக ஒரு காலத்தில் எனக்குப் பயம். அந்தக் கண்ணாடியில் என் அண்ணன் வருவான். அதே தொப்பை, அதே இரட்டைத் தாடை, இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு நடக்கும் அதே நடை. நான் நின்றால் அவனும் நிற்பான். அவன் இறந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது.

எனக்கு மட்டும் அப்படித் தோன்றியிருந்தால் கிறுக்கு என்று விட்டிருப்பேன். மற்றவர்களும் பார்த்தார்கள். பெரிய கோயில் வாசலில், ஆனி மாதக் காற்றில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவனை, ரிட்டையர் ஆன ஒரு ஏட்டையா பின்னாலிருந்து அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பினேன். அவர் முகம் வெளுத்துப் போயிற்று. சமாளித்துக்கொண்டு, பரிகாரம் மாதிரி எனக்கு ஒரு டீயும் இரண்டு வடையும் வாங்கிக் கொடுத்தார். இரண்டையும் தின்றேன். அந்த நாட்களில் எதைக் கொடுத்தாலும் தின்பேன்.

அண்ணன் போலீஸ். சீசன் வந்துவிட்டால் குற்றாலம் மெயின் அருவியில்தான் டியூட்டி. சாரலில் நாள் முழுக்க நனைந்து, விசில் ஊதி, குளித்தவர்களை வெளியே இழுத்து, குளிக்காதவர்களை உள்ளே தள்ளி, கிடைத்த நேரத்தில் கிடைத்ததைத் தின்பான். நின்றபடி மிளகாய் பஜ்ஜி, ஜீப்பில் உட்கார்ந்து பரோட்டா, வீட்டுக்கு வந்தால் அம்மா மலைபோலக் குவிக்கும் சோறு. ஒரு சீசன் முடிகிற நேரத்தில், டியூட்டி முடிந்து ரெயின்கோட்டைக் கழற்றாமலே ஜீப்பில் சாய்ந்தான். அவ்வளவுதான். இப்போதும் அருவிப் பக்கம் போனால் தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளே அவன் விசில் எனக்குக் கேட்கும். வேறு போலீஸ்காரர் ஊதுகிறார் என்று தெரியும். தெரிந்தும் திரும்பிப் பார்ப்பேன்.

எங்கள் வீட்டில் அம்மா வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. பெரியவன் சாப்பிட்ட பிறகுதான் சின்னவனுக்குத் தட்டு. அண்ணன் கடைசி வாய்க்கு விரலை நக்கும்போது அம்மா என்னைப் பார்த்து, உட்கார் என்று தலையை ஆட்டுவாள். அவனுக்குச் சோறு மலைபோல இருக்கும். எனக்கு ஒரு கை. சின்னவன் கொறிக்கிற பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அது உண்மையும்தான். அப்போது நான் ஒல்லி.

அவன் போன பிறகு அவனைக் கட்டிய மதினி, தான் வாத்தியார் வேலை பார்க்கும் கடையத்திலேயே தன் அம்மா வீட்டோடு இருந்துகொண்டாள். அண்ணனின் மகள் படிக்கப் பிரான்சுக்குப் போனாள். கல்யாணம் காட்சி என்று எதுவும் ஆகாத நானும், அம்மாவும் மட்டும் வீட்டில் மிஞ்சினோம். அம்மாவுக்கு நினைவு மெல்லப் பிசகத் தொடங்கியது. ஒரு மழை நாள், நான் வேலை பார்க்கும் இலஞ்சிப் பள்ளிக்கூட ஆபீசிலிருந்து நனையாமல் வர, பரணில் கிடந்த அண்ணனின் ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். சாயங்காலம் வாசலில் என்னைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மலர்ந்தது.

"பெரியவனே, டூட்டி முடிஞ்சிட்டாலே?" என்றாள்.

முடிந்துவிட்டது என்றேன். அவள் ஓடிப்போய்த் தட்டு வைத்து, அவன் அளவுக்குச் சோறு போட்டாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. நான் முழுவதையும் சாப்பிட்டேன். மறுநாளும் அதே. அதற்கடுத்த நாளும். தேங்காய்ப்பால் சொதி, உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல் மேல் குளம் கட்டி நிற்கும் நல்லெண்ணெய் என்று எல்லாமே அவன் அளவு. என் உடம்பு அந்த அளவுக்கு வளர்ந்துகொண்டே போயிற்று. சட்டை பற்றாமல் போனபோது அவன் சட்டைகளை எடுத்துப் போட்டேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தன. அம்மா சில நாள் சின்னவனைத் தேடுவாள். இலஞ்சிக்குப் போயிருக்கிறான், வந்துவிடுவான் என்று நானே சொல்லுவேன்.

ஐந்தருவிப் படி ஏறும்போது நெஞ்சை யாரோ கையால் அழுத்துவது போல இருந்தது. டாக்டரிடம் போனேன். அண்ணனுக்குப் பார்த்த அதே டாக்டர். ஈசிஜி தாளை நீட்டிப் பார்த்தவர், பேப்பரை விட்டுவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். உங்கள் அண்ணனும் இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்து, குறைக்கிறேன் டாக்டர் என்று சொன்னார் என்றார். எனக்கு எழுந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. அந்த நாற்காலியின் கைப்பிடிகள் இடுப்பை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்திருந்தன.

பிரான்சிலிருந்து மகள் போன் செய்தபோது இதைச் சொல்லித் தொலைத்தேன். அண்ணன் மகள் என்றாலும் எனக்கு மகள்தான். அழுவாள் என்று நினைத்தேன். அவள் திட்டம் போட்டாள். அந்த ஊர்க்காரர்கள் வெண்ணெய், சீஸ், ரொட்டி, இனிப்பு எல்லாம் தின்கிறார்களாம். ஆனாலும் ஒல்லியாக இருக்கிறார்களாம். காரணம் முறை. நேரத்துக்கு உட்கார வேண்டும். மேஜையை அழகாக வைக்க வேண்டும். கொஞ்சமாக, விதவிதமாக, ஒவ்வொன்றாக. செல்போன் கூடாது. இடையில் எதையும் வாயில் போடக் கூடாது. தட்டில் கை வைக்கும் முன் ஒரு நிமிடம் அதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வாய்க்கும் நடுவே முள்கரண்டியைக் கீழே வைக்க வேண்டும்.

கையால் தின்கிறவன் எதைக் கீழே வைப்பது என்று கேட்டேன். கையை மடியில் வையுங்கள் சித்தப்பா என்றாள். வைத்துப் பார்த்தேன். வேட்டியெல்லாம் சாம்பார். தட்டோரத்தில் வைத்தால் விரலில் குழம்பு காய்ந்து இழுத்தது. ஆபீசில் பதினோரு மணி வடையை மறுத்தபோது, பிரெஞ்சுக்காரருக்கு ரெண்டு ரொட்டி சொல்லுங்கடே என்று கிண்டல் செய்தார்கள். ராயகிரியில் ஒரு கல்யாணப் பந்தியில், ஒவ்வொன்றாகத்தான் சாப்பிடுவேன் என்று மெதுவாக மென்றுகொண்டிருந்தேன். அடுத்த பந்திக்காரர்கள் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். அவர்கள் மூச்சு பிடரியில் பட, பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

ஆனாலும் விடவில்லை. அந்த நாற்காலி விடவில்லை. ஸ்டேஷனிலேயே சாப்பிட்டாச்சு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அவள் தூங்கும் நேரமாகப் பார்த்து நானே சமைத்து, நானே மேஜை போட்டு, நானே எனக்கு விருந்தாளியாக உட்கார்ந்தேன். பெல்ட்டில் ஓட்டைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. துணிக்கடைக் கண்ணாடியில் அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தான். ஒருநாள் அதில் நான் மட்டும் இருந்தேன். சந்தோஷப்பட வேண்டிய நாள். எனக்கு அழுகை வந்தது.

அன்று சாயங்காலம் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தி, முகத்தை உற்றுப் பார்த்தாள். அவள் கண் எனக்குப் பின்னால் தெருவில் யாரையோ தேடியது.

"சின்னவனே, அண்ணன் எங்கலே? இன்னும் காணலியே," என்றாள்.

அருவியில் கூட்டம், வர நேரமாகும் என்றேன். வேறு என்ன சொல்ல. அவள் அண்ணனுக்கு ஒரு தட்டு வைத்து மூடி, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். பெரியவன் சாப்பிடாமல் எனக்குச் சோறு கிடையாது, அவளும் தொடமாட்டாள். மறுநாளும் தட்டு வைத்தாள், மறுநாளும் காத்திருந்தாள். சோறு ஊசிப்போய்க் கொட்டினேன். அவள் முகம் வாடிச் சுருங்கிக்கொண்டே போயிற்று. ஒருநாள் தாங்க மாட்டாமல், அவனுக்கு வைத்ததை மறுபடி கொட்டவும் மனம் வராமல், அவள் குளிக்கப் போன நேரத்தில் அந்தத் தட்டை எடுத்து, மலைச் சோற்றை அள்ளி அள்ளித் தின்று, காலித் தட்டைக் காட்டினேன். பெரியவன் வந்துட்டுப் போயிட்டானாக்கும் என்று கேட்டு, அன்றைக்குத்தான் அவளும் சாப்பிட்டாள். அதிலிருந்து தினமும் அதுவே வழக்கமாயிற்று. பெல்ட் ஓட்டைகள் திரும்பி வெளியே வந்தன. நான் மெலிந்தால் அவளுக்கு மகன் இல்லை. மெலியாவிட்டால் நான் இல்லை.

மகள் வீடியோவில் என் முகத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"சித்தப்பா, நீங்க எனக்கு அப்பாவா இருக்க வேண்டாம். சித்தப்பாவா உயிரோட இருந்தாப் போதும்," என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடியும் முறையாக ஆரம்பிப்பது என்று முடிவு செய்தேன். நல்ல சாரல். அம்மா உள்ளறையில் படுத்திருந்தாள். வீட்டில் சின்னத் தட்டு இல்லாததால் கொல்லையில் ஒரு நுனி இலை அறுத்து வந்தேன். மேஜை எங்கள் வீட்டில் தெற்குச் சுவரோடு ஒட்டிக் கிடக்கும். அதில் இலையைப் போட்டு, ஒரு பிடி சோறு, கொஞ்சம் சொதி, கொஞ்சம் அவரைக்காய்ப் பொரியல், அரை அப்பளம், கடைசியில் தின்ன விரல் அளவு அல்வா என்று வைத்தேன். டம்ளரில் தண்ணீர். மேஜை அழகாக இருக்க வேண்டுமே என்று இரண்டு நந்தியாவட்டைப் பூ. கரண்ட் போயிருந்தது. இருட்டாக இருக்கிறதே என்று சாமி மாடத்தில் இருந்த விளக்கை எடுத்து வந்து ஏற்றி வைத்தேன். கையைக் கழுவிவிட்டு, தொடுவதற்கு முன் பார்க்க வேண்டிய அந்த ஒரு நிமிடத்துக்காகத் தள்ளி நின்றேன்.

பின்னால் அரவம் கேட்டது. அம்மா நின்றுகொண்டிருந்தாள். இலையைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள். யாரும் தொடாமல் ஆறிக்கொண்டிருக்கும் சோற்றைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினாள். அப்போதுதான் நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. இறந்தவர்களுக்கு எங்கள் வீட்டில் படையல் வைப்பது இப்படியேதான்.

"பெரியவனுக்காலே?" என்றாள்.

இல்லை, எனக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"எப்பம்லே போனான்?"

நாலு வருசம் ஆச்சும்மா என்றேன்.

"எனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. நீதான் வாய்க்கரிசி போட்ட."

அவள் தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். கத்தி அழுவாள், விழுவாள் என்று பிடிக்கத் தயாராக நின்றேன். அவள் இலையின் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள்.

"அவனுக்கு இம்புட்டுத்தான் வைப்பியோ?" என்றாள்.

அடுக்களைக்குப் போய்ச் சோற்றுப் பானையையே தூக்கி வந்தாள். அண்ணன் அளவுக்கு மலையாகக் குவித்தாள். சொதியை ஊற்றி, பள்ளம் பறித்து, இன்னும் ஊற்றினாள். அல்வாவைப் பெரிதாக வைத்தாள். அப்புறம் என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்து கதவைச் சாத்தினாள். ஆள் நின்றால் அவன் சாப்பிட மாட்டான். பின்வாசல் படியில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். சாரல் முகத்தில் அடித்தது. அவள் சத்தமில்லாமல் அழுதாள், நானும் அழுதேன். அவன் காரியத்தின்போதுகூட நாங்கள் இப்படிச் சேர்ந்து உட்கார்ந்து அழவில்லை.

கதவைத் திறந்து உள்ளே போனோம். படைத்ததை வீட்டு ஆள் சாப்பிட வேண்டும். அந்த மலையை எப்படி முடிப்பேன் என்று பயந்துகொண்டே உட்கார்ந்தேன். அம்மா இன்னொரு இலைத் துண்டைப் போட்டு, மலையிலிருந்து ஒரே ஒரு கை அள்ளி எனக்கு வைத்தாள். தனக்கும் ஒரு கை எடுத்துக்கொண்டாள். மீதியைக் காக்காய்க்குக் கொண்டுபோனாள். அவள் கை அள்ளிய அளவைப் பார்த்தேன். சின்ன வயதில் எனக்குப் போட்ட அளவு. ரொம்ப மெதுவாக, ஒவ்வொரு வாய்க்கும் கையைக் கீழே வைத்து, பிரான்சிலிருந்து மகள் சொன்ன மாதிரியே சாப்பிட்டேன். விழுங்க முடியாததால்தான் அத்தனை மெதுவாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை அம்மாவுக்கு எதுவும் நினைவில்லை. இட்லித் தட்டை இறக்கும்போது அவள் கண் வாசலுக்குப் போயிற்று. இனி அந்தத் தட்டை நான் தின்னக் கூடாது, அவளையும் பட்டினி போடக் கூடாது.

"அண்ணன் சாப்பிட்டானாலே?" என்றாள்.

"சாப்பிட்டாச்சும்மா. வயிறு நிறைய."

நிஜமா என்பது போல என் முகத்தைப் பார்த்தாள். நான் கண்ணை எடுக்கவில்லை. அவள் தலையை ஆட்டி, இரண்டே இரண்டு இட்லியைத் தட்டில் வைத்தாள்.

"அப்பம் நீ உக்காருலே," என்றாள்.