நூற்றுக்கு எத்தனை கப்பல் சரக்கு?

போட் இன்ஜினுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிற தொழிலில் சாமானை எடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது. அது எந்த நாட்டில் பிறந்தது என்று ஜாதகமும் சொல்ல வேண்டும். கடை வைத்து, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட புண்ணியவான்களே, உங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும். கோவளத்தில் வியாபாரிகள் சங்கக் கட்டடத்தில் பதினோரு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். இந்த ஜாதக விவகாரத்தில் போன மாசம் அந்தக் கடையே போகப் பார்த்தது.

ஒரிஜினல்

எங்கள் பக்கத்தில் 'ஒரிஜினல்' என்றால் கப்பலில் வந்தது என்று அர்த்தம். நம் நாட்டில் செய்தது எத்தனை உசத்தியாக இருந்தாலும் 'லோக்கல்'தான். கடல் தண்ணீரை இழுத்து இன்ஜினைச் சூடாகாமல் பார்த்துக்கொள்ள உள்ளே ஒரு சின்ன ரப்பர் சக்கரம் உண்டு. கோயம்புத்தூரில் செய்த ஒன்றை மீன்பிடிக்கப் போகிற அருள்தாஸிடம் கொடுத்து, கெட்டுப்போனால் என்னைக் கேள் என்றேன். எட்டு மாசம் கழித்து, முகமெல்லாம் சிரிப்பாக வந்தான்.

"ரப்பர் சூப்பரா கீதுக்கா, ஒரு பேஜாரும் இல்ல. அடுத்த வாட்டி ஒரிஜினல் குடு."

ஸ்டிக்கர்

சங்கச் செயலாளர் ஒரு கட்டு ஸ்டிக்கரோடு வந்தார். 'இங்கே ஒரிஜினல் நம்மூர்ச் சரக்கு மட்டும்' என்று சிவப்பில் அச்சடித்திருந்தது. இறக்குமதியால் நாடே குட்டிச்சுவராகிறதாம். அதனால் சங்கக் கட்டடத்தில் எல்லாக் கடையும் இதை ஒட்டியே தீர வேண்டுமாம்; ஒட்டாதவர் மாசக் கடைசியில் காலி செய்ய வேண்டுமாம்.

அலமாரியில் கப்பல் சரக்கை வைத்துக்கொண்டு கண்ணாடியில் பொய்யை ஒட்ட மாட்டேன் என்றேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் பஸ் ஸ்டாப் வரை கேட்கும். அவர் காதில் மட்டும் விழவில்லை, தானே ஒட்டிவிட்டார். வாசலில் நின்ற அருள்தாஸ் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு அவரைப் பார்த்தான்.

"ஒரிஜினலா, நம்மூர்தா? ஏதாவது ஒண்ணு சொல்லு தலிவரே, ரெண்டும் எப்டி ஒண்ணா இருக்கும்?"

ஞாயிற்றுக்கிழமை பாடம்

ஸ்டிக்கரை அன்றைக்கே உரித்து எறிந்தேன். ஆனாலும் மனசு உறுத்தியது. நிஜமாகவே நாட்டைக் கெடுக்கிறேனா? கேளம்பாக்கம் ஃபிளாட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போட வருகிற ஒருவர், புள்ளிவிவர வேலை பார்ப்பவர். அவரிடமே கேட்டேன். "எவ்வளவு இறக்குமதி என்று மொட்டையாகக் கேட்கக் கூடாதும்மா. மொத்தப் பொருளாதாரத்தோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு எவ்வளவு என்று கேளுங்கள்" என்றார். சில சின்னத் துறைமுக நாடுகளில் அது நூறையே தாண்டுமாம். வாங்கி, வேலை செய்து, திரும்ப விற்றுவிடுவார்களாம். அதை மட்டும் வைத்து ஒரு நாடு ஜெயித்தது, தோற்றது என்று சொல்ல முடியாதாம்.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அருள்தாஸ் உடனே தன் போட்டைக் கணக்கில் இறக்கினான். ஃபைபர் உடம்பு, வலை, ஐஸ், ஆள் எல்லாம் நம்முடையது. கப்பலில் வந்தது இன்ஜின் மட்டும். அப்படியானால் கொஞ்சம்தானே என்றேன்.

"நூத்துக்குப் பத்துன்னே வெச்சுக்கோக்கா. அந்தப் பத்து நடுக்கடல்ல நின்னுச்சுனா, மீதி தொண்ணூறும் சும்மா மெதந்துகினு இருக்கும்."

பலகை

இரண்டு நாள் கடையை மூடி, அலமாரி அலமாரியாக எண்ணினேன். வாசலில் பலகை வைத்தேன்: 'இந்தக் கடையில் நூற்றுக்கு முப்பத்தாறு கப்பல் சரக்கு. மீதி அறுபத்துநாலு நம் நாட்டுச் சரக்கு. எது எது என்று கேட்டால் காட்டுவேன்.' ஒவ்வொரு சாமானிலும் ஊர்ப் பெயரை எழுதி ஒட்டினேன். 'ஒரிஜினல்' என்ற வார்த்தையைக் கடையை விட்டே துரத்தினேன்.

மாசக் கடைசியில் செயலாளர் வந்தார். பலகையை எடு, இல்லாவிட்டால் சாவியைக் கொடு என்றார். கடை போனால் எனக்கு வேறு பிழைப்பு இல்லை. இருந்தாலும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னேன்: "எழுத்தில் கொடுங்கள். உண்மையை எழுதிப் போட்டதால் காலி செய்யச் சொல்கிறோம் என்று காரணத்தையும் எழுதுங்கள்."

பையிலிருந்து பேப்பரை எடுத்தார். பேனாவைத் திறந்தார். பலகையை ஒருமுறை படித்தார். பேனாவை மூடிவிட்டார். சங்கத்திலிருந்து என் பெயரை மட்டும் அடித்துவிடுவதாகச் சொல்லிக் கிளம்பினார். படி இறங்கும்போது அவரால் பொறுக்க முடியவில்லை.

"பொய்ய ஒட்டச் சொன்னா ஒட்ட மாட்டேன்ற, நெசத்த எழுதச் சொல்லி என்னைய மாட்டி வுடப் பாக்குறியேம்மா!"

ஆகக்கூடி, நாட்டில் நூற்றுக்கு எவ்வளவு இறக்குமதி என்று எழுதுகிறவருக்குச் சம்பளம் தருகிறார்கள், கடையில் எவ்வளவு என்று எழுதிய என்னைச் சங்கத்தை விட்டுத் தள்ளிவைத்தார்கள்; பலகை அங்கேதான் இருக்கிறது, நானும்தான்.