பூட்டிவிட்டுப் போகிற வீடு

புதுப்பட்டினத்தில் எங்கள் பிள்ளைகளுக்கென்று ஒரு பகல் மையம் இருந்தது. மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகள். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டு வந்து விடும். அதற்கு நடுவில்தான் புருஷன் இல்லாத நான் அணுமின் நிலைய டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை பார்த்து வயிறு கழுவினேன்.

வெளிநாட்டு உதவி நின்றுபோச்சு என்று மையத்தை மூடிவிட்டார்கள். அதைச் சொல்ல வீடு தேடி வந்த டீச்சர் அழுதாள். "நீ இன்னாத்துக்கு அழுவுற? உனக்கு வேற வேலை கெடைக்கும். எம் பொண்ணுக்கு வேற எடம் எங்க கீது?" என்று கத்திவிட்டேன். அவள் என்ன செய்வாள், பாவம்? வேறு யாரிடம் போய்க் கத்துவது?

அம்மாக்கள் நாங்களே முறை போட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டோம். மையத்தில் சமையலுக்கு அப்படித்தான் முறை வைத்திருந்தோம், பழக்கம்தானே. ஆனால் முறை நாளில் வேலைக்கு மட்டம் போட்டால் எந்த வீட்டம்மா பொறுப்பாள்? ஒவ்வொருத்தியாகக் கழன்றுகொண்டார்கள்.

என் மகளுக்கு இருபது வயது. கூடக் கூட்டிப்போனால் வேலை வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். தனியே விட்டால் ஈசிஆர் ரோட்டில் போய் லாரிக்கு நடுவே நிற்பாள். லாரியைவிட ஆம்பளைகளை நினைத்துத்தான் எனக்குப் பயம். வெளியே பூட்டிவிட்டுப் போக ஆரம்பித்தேன். முதலில் கதவைத் தட்டித் தட்டிக் கத்துவாள். தெருமுனை வரைக்கும் கேட்கும். காதைப் பொத்திக்கொண்டு நடப்பேன், பாவி.

அப்புறம் சத்தம் நின்றது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

போன மாதம் வேலை வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது, சாவி இருக்கிறதா என்று பையைத் துழாவினேன். சாவியோடு பூட்டும் இருந்தது. ஐயோ, பூட்டவேயில்லை! போட்டது போட்டபடி ஷேர் ஆட்டோவில் ஏறினேன். வழியெல்லாம் ரோட்டோரம் அவளுடைய பச்சை நைட்டியைத் தேடினேன்.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன். உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "காலீலருந்து பூட்டே இல்ல. உம் பொண்ணு வாசப்படி தாண்டலியே. நல்லா பழக்கி வெச்சிக்கீற."

மகளின் கையைப் பிடித்து இழுத்தேன். "வாடி, வெளிய வா. சும்மா வா."

வரமாட்டேன் என்று கையை உதறினாள். "நேரமாவுது, பூட்டிகினு போம்மா" என்றாள்.

அங்கே பாதிப் பாத்திரம் தொட்டியில் கிடந்தது. பூட்டிவிட்டுப் போனேன்.