திருப்பிச் சொல்லாமல் போட்ட கையெழுத்து

தாமல் ஏரியில் இன்றைக்கும் தண்ணீர் கசியாமல் நிற்கிற மதகு நான் கட்டியது. ஓரிக்கைக்குப் போகிற வழியில் இரண்டு சிறுபாலங்கள், செவிலிமேட்டில் மூன்று வகுப்பறைகள், ஊருக்குள் தறிக்காரத் தெருக்களில் பாதிச் சாக்கடை, எல்லாம் என்னுடையவை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். செங்கல் சுமந்து, கரணை பிடித்து, அரசாங்க வேலையைக் குத்தகைக்கு எடுத்தவன். எனக்கு முன்னால் எங்கள் தெருவில் ஒருவரும் அப்படி எடுத்ததில்லை. எங்கள் சிறு ஒப்பந்தக்காரர் சங்கத்து மலருக்கு இதையெல்லாம் எழுதச் சொன்னார்கள். எழுதிவிட்டேன். ஆனால் டெண்டர் குமாஸ்தாவைச் சொல்லாவிட்டால் இந்தப் பட்டியல் முழுக்கப் பொய்.

அறுபதுகளின் கடைசி அது. அவர் இருந்த அரசாங்க அலுவலகத்தின் பெயர் வேண்டாம். வாசல் பலகையில் குத்தகை வேலைக்கான அறிவிப்பை ஒட்டுவார்கள். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். அந்தத் தமிழும் நாங்கள் பேசுகிற தமிழ் இல்லை. பெரிய காண்டிராக்டர்களுக்குப் படித்துச் சொல்ல ஆள் இருந்தது. மேஸ்திரிகளான நாங்கள் கோயில் சுவரில் கல்வெட்டைப் பார்ப்பதுபோல் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவோம். ஒருநாள் பசைக் கிண்ணத்தோடு வெளியே வந்த குமாஸ்தா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா மேஸ்திரி, தினம் வந்து சாமி கும்புட்டுக்கினு போற? இன்னா எழுதியிருக்குதுன்னு தெரியுமா?"

"தெரிஞ்சா நான் ஏன் சார் கும்புடப் போறேன்?"

அவர் சிரித்தது பத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். ஆனால் அந்தப் பதில் அவரை உறுத்தியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு, காலையில் அறிவிப்பு பலகைக்கு வந்ததும், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து அதையே எளிமையாக இன்னொரு தாளில் எழுதுவார். என்ன வேலை, எந்த இடம், எந்தத் தேதிக்குள், என்னென்ன காகிதம், யாரைக் கேட்பது. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டுவார். "திருப்பிச் சொல்லுபா" என்பார். எந்த இடத்தில் என் நாக்கு தடுக்கியதோ அந்த வார்த்தையை அடித்துவிடுவார். 'முத்திரையிடப்பட்ட ஒப்பந்தப்புள்ளிகள் வரவேற்கப்படுகின்றன' என்பது, 'உங்கள் விலையை எழுதி, கவரை அரக்கு வைத்து மூடிக் கொடுங்கள்' என்று ஆனது அப்படித்தான். நான் தடுக்காமல் சொல்லி முடித்த பிறகே அந்தத் தாள் பெரிய அறிவிப்புக்குக் கீழே ஏறும். அந்தத் தாளைப் பார்த்துத்தான் என்னைப்போல ஏழெட்டுப் பேர் முதன்முதலாக விலை எழுதிக் கொடுத்தோம்.

மதகு வேலை எனக்குக் கிடைத்தது. வருடாவருடம் ஏரி வேலைகளை எடுத்துவந்த பெரிய காண்டிராக்டர், அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே குமாஸ்தா எனக்கு விவரம் சொல்லிவிட்டார் என்று மேலிடத்துக்கு எழுதிப்போட்டார். விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். அரசாங்க அலுவலகத்தில் நான் உட்கார்ந்த முதல் நாற்காலி அது. அந்த உயரம் தலைக்கு ஏறிவிட்டது.

"நோட்டீசை உனக்குப் படிச்சுக் காட்டுவாராமே?" என்று கேட்டார்.

"ஆமா சார். போர்டுக்குப் போறதுக்கு முன்னாடியே எங்கிட்டதான் வரும். நான் சரின்னு சொல்லாம அந்த ஆபீசுல ஒரு காயிதம் ஒட்ட மாட்டாங்க."

வெறும் பெருமைப் பேச்சு; பெரிய அறிவிப்பு பலகைக்கு ஏறிய பிறகுதான் என்னிடம் எதுவும் வரும். அவர் எழுதிக்கொண்டே போனார், இங்கிலீஷில். தாளை என் பக்கம் திருப்பினார். கையெழுத்துப் போடப் பழகி ஆறு மாதம்கூட ஆகாத கை. நன்றாகச் சுழித்துப் போட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை.

குமாஸ்தாவுக்கு வேலை போன பிறகுதான் அலுவலகப் பியூன் அந்தத் தாளில் இருந்ததை எனக்குச் சொன்னார். நான் சொன்னதுதான், ஒரு வார்த்தை கூடக்குறைய இல்லை. சென்னையில் இருந்த மேலிடத்துக்கு இரண்டு முறை போய், நான் அளந்த அளப்பு அது, உண்மை வேறு என்று அழுதேன். கையெழுத்து உன்னுடையதுதானே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

இரண்டு பெண்களைப் பெற்ற மனிதர். பத்திர ஆபீஸ் வாசலில் மரத்தடியில் கூலிக்கு மனு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போய்க் காலைத் தொட்டேன். பேனாவைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"கையெழுத்து சோக்கா போட்டிருக்கியாமே. 'படிச்சுக் காட்டு சார், திருப்பிச் சொல்றேன்'னு அவர்கிட்ட ஒருவாட்டி கேட்டிருக்கக் கூடாதாப்பா?"

அந்தக் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் இத்தனை வருடம் தூங்கியிருப்பேன். அடுத்த மழைக்காலத்துக்குள் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய்விட்டார். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. தேடாத இடமில்லை.

இப்போது சின்னக் குத்தகைக்காரர்களுக்கான அறிவிப்பை எளிய தமிழில்தான் எழுத வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. சங்கக் கூட்டத்தில், அன்றைக்கே இதற்கு வழி செய்தவர் என்று சொல்லி எனக்குச் சால்வை போர்த்தினார்கள். வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

மலரை அச்சடிக்கிறவர்களே, என் மதகையும் பாலத்தையும் வேண்டுமானால் எடுத்துவிடுங்கள். எளிய தமிழில் முதல் தாளை எழுதியவர் ஒரு டெண்டர் குமாஸ்தா என்று முதல் வரியில் போடுங்கள். அடுத்த வரி எனக்குச் சேர வேண்டியது, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர் வேலையைப் பறித்த தாளில் இருப்பது என் கையெழுத்து. அதை என் பெயரோடு, கொட்டை எழுத்தில் போடுங்கள்.